நெருப்பு சதுரமாகப் பரவும் சுரங்கம்

நியூசிலாந்தின் மேடும் பள்ளமுமான டனீடன் நகரில் எந்தத் தெருவில் நடந்தாலும் மூச்சு வாங்கும். உட்கார்ந்த இடத்தில் மூச்சு வாங்க வேண்டுமானால் தனியாக ஒரு காரணம் வேண்டும். கோரின் பெயர்டுக்கு அந்தக் காலையில் கிடைத்த காரணத்தின் பெயர் ஈரக்காலுறை.

"மறுபடியும் எழுதியிருக்கான்," என்று கைப்பேசியை மேசைமேல் கவிழ்த்து வைத்தான்.

எதிரே அவன் மனைவி நைரி ரொட்டியில் மார்மைட் தடவிக்கொண்டிருந்தாள். "யாரு?"

"வேற யாரு? அந்த ஈரக்காலுறைதான்."

கோரினும் அவன் நண்பன் டெவிட்டாவும் சேர்ந்து ஒரு கணினி விளையாட்டு செய்திருந்தார்கள். பெயர் கீழ்ச்சுரங்கம். பழைய தங்கச் சுரங்கம் ஒன்றுக்குள் விளக்கோடு ஒருத்தன் இறங்குவான். தரையெல்லாம் கட்டம் கட்டமாக இருக்கும். அவன் ஒரு கட்டம் நகர்ந்தால் அங்கே இருக்கிற பேய், பூச்சி, பல்லி எல்லாம் ஆளுக்கு ஒரு கட்டம் நகரும். எட்டுத் திசையிலும் போகலாம், மூலைவாக்கிலும் போகலாம். இருப்பது ஒரே உயிர். செத்தால் மறுபடி மேலிருந்து தொடங்க வேண்டும். சுரங்கமும் அதற்குள் வேறு மாதிரி தன்னை வரைந்துகொண்டிருக்கும். இப்படிச் செத்துச் செத்து விளையாடுவதில் சுகம் காண்கிற ஒரு கூட்டம் உலகம் முழுக்க இருக்கிறது. அதில் ஒரு சின்னத் துண்டு கீழ்ச்சுரங்கத்துக்கும் கிடைத்திருந்தது. விளையாட்டின் பக்கத்தில் போய்க் கருத்துச் சொல்வார்கள், பாராட்டுவார்கள், திட்டுவார்கள். ஈரக்காலுறை என்ற பெயரில் எழுதுகிற ஆள் திட்டுவதே இல்லை. அதுதான் கோரினுக்குத் தாங்கவில்லை.

"என்ன எழுதியிருக்கான், படி," என்றாள் நைரி.

கோரின் கைப்பேசியைத் திருப்பிப் படித்தான். "'மதிப்பிற்குரிய சுரங்க முதலாளிக்கு. உறைபனிக் குடுவை வெடித்த இடத்திலிருந்து மூலைவாக்கில் இரண்டு கட்டம் தள்ளி நின்றேன். ஒரு சிராய்ப்புகூட இல்லை. அடுத்த தளத்தில் நெருப்புக் குடுவை வெடித்தபோதும் அதே போலத் தள்ளி நின்றேன். சாம்பல்கூட மிஞ்சவில்லை. பனிக்கு ஓர் அளவுகோல், நெருப்புக்கு ஓர் அளவுகோலா? இரண்டையும் ஒரே கடையில் வாங்கியிருக்கக் கூடாதா?'"

நைரிக்கு ரொட்டி புரையேறியது. தண்ணீர் குடித்தாள். கண்ணில் நீர் வந்துவிட்டது, பாவம்.

"சிரிக்கறியா?"

"துணுக்கு மாட்டிக்கிச்சு. ஆனா கேக்கறது நியாயமாத்தானே படுது?"

"உனக்கு அதெல்லாம் புரியாது நைரி. இவன் நிச்சயமா ஆஸ்திரேலியாக்காரன். அங்கதான் இப்படி மரியாதையா வம்புக்கு இழுப்பாங்க."

நைரி சாவியை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பினாள். பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய் நிற்கும் பல் மருத்துவ வண்டியில் அவளுக்கு வேலை. சனிக்கிழமைகளில் நெட்பால் ஆட்டங்களுக்கு நடுவர். குழந்தைகளும் சரி, ஆட்டக்காரிகளும் சரி, அவளைக் கண்டால் வாயை மூடுவதா திறப்பதா என்று ஒரு கணம் யோசிப்பார்கள்.

ஈரக்காலுறை சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அது கோரினுக்கும் தெரியும்.

கீழ்ச்சுரங்கத்தை ஆரம்பித்த புதிதில் அவன் முதலில் எழுதியது நெருப்பு. வெடித்த கட்டத்திலிருந்து இரண்டு அடி நடந்தால் எட்டுகிற இடமெல்லாம் எரியட்டும் என்று எழுதினான். மூலைவாக்கில் நடப்பதும் ஓர் அடிதான் என்பதால் நெருப்பு சச்சதுரமாக எரிந்தது. பார்ப்பதற்குக் கொஞ்சம் அசிங்கமாகத்தான் இருந்தது, கம்பளம் விரித்த மாதிரி. பிறகு ஒரு வருஷம் கழித்துப் பனியை எழுத உட்கார்ந்தபோது அவனுக்கு ஞானம் வந்திருந்தது. மூலைக்குப் போவதென்றால் பக்கவாட்டில் ஒன்று, மேலே ஒன்று என்று இரண்டாகத்தானே எண்ண வேண்டும் என்று தோன்றியது. பனி சீட்டுக்கட்டு டைமண்ட் வடிவத்தில் அழகாக உறைந்தது. நெருப்பைத் திருத்தவில்லை. அது ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தது, விட்டுவிட்டான்.

வெடிமருந்துக்கு டெவிட்டா நாலு கூர் உள்ள நட்சத்திரம் வரைந்து கொடுத்தான். படத்துக்குத் தகுந்தாற்போல் கோரின் அதைக் கூட்டல் குறியாக வெடிக்க வைத்தான். எல்லாவற்றுக்கும் அடியில், கடைசித் தளத்தில் இருக்கிற விலாங்கு ராணி வாயைத் திறந்து கொதிநீராவி ஊதுவாள். நேராக ஊதினால் விசிறி மாதிரி அகலமாக வரும். மூலைவாக்கில் ஊதினால் வாய்க்கால் மாதிரி ஒல்லியாக வரும். ஏன் அப்படி என்று கேட்டால் கோரின், "அவ மூடைப் பொறுத்தது," என்பான்.

ஒவ்வொன்றையும் எழுதிய நாளில் அவன் ஒவ்வொரு மனிதனாக இருந்தான், அவ்வளவுதான். அதை ஒத்துக்கொள்வதற்குப் பதிலாக அதற்கு ஒரு தத்துவம் கண்டுபிடித்து வைத்திருந்தான்.

அந்த வியாழன் மாலை டெவிட்டா வந்தான். பெயின்ட் கடை வேலையை முடித்துவிட்டு நேராக வருகிறவன்; கைநகங்களில் எப்போதும் யாரோ ஒருவர் வீட்டுச் சுவரின் நிறம் ஒட்டியிருக்கும். பெரிய உடம்பு. ஞாயிற்றுக்கிழமைகளில் டோங்கா தீவுக்காரர்களின் தேவாலயச் சபையில் அவன் பாட ஆரம்பித்தால் பின்வரிசையில் தூங்குகிறவர்கள் எழுந்துவிடுவார்கள். கீழ்ச்சுரங்கத்தின் ஒவ்வொரு பூச்சியும் அவன் வரைந்தது.

நைரி சூடாக சீஸ் ரோல் கொண்டுவந்து வைத்தாள். கோரின் தான் எழுதியிருந்த பதிலைப் படித்துக் காட்டினான். "'நண்பரே, இயற்கை ஸ்கேல் வைத்துக்கொண்டு நடப்பதில்லை. நெருப்புக்கு ஒரு குணம், பனிக்கு ஒரு குணம். சுரங்கத்தில் இறங்குகிறவன் அந்தக் குணங்களை அனுபவத்தில் கற்றுக்கொள்ள வேண்டும்.' இன்னும் ஒன்றரைப் பக்கம் இருக்கு. எப்படி?"

டெவிட்டா ஒரு சீஸ் ரோலை முழுசாக வாய்க்குள் அனுப்பிவிட்டு யோசித்தான். "மச்சான், குணம்னு சொல்றியே. அன்னிக்குப் பனியை எழுதும்போது, 'ஐயையோ, நெருப்பு வேற மாதிரில்ல எழுதித் தொலைச்சேன், அப்புறமா மாத்தணும்'னு என்கிட்டயே சொன்னியேடா."

"அது அப்போ."

"அப்போ குணம் எப்ப வந்துச்சு?"

"ஈரக்காலுறை கேட்டப்புறம்," என்றாள் நைரி, காலித் தட்டை எடுத்துக்கொண்டே.

டெவிட்டா மேசையைத் தட்டிச் சிரித்தான். கோரின் சிரிக்கவில்லை. பதிலை அப்படியே போட்டான்.

மறுநாள் மதியம் ஈரக்காலுறை திருப்பி எழுதியது. "அனுபவத்தில் கற்றுக்கொள்ளச் சொன்னீர்கள். கற்றுக்கொண்டேன். நெருப்பு சதுரம், பனி டைமண்ட், வெடி கூட்டல் குறி. பத்து வகைப் பூச்சிக்குப் பத்து குணம் இருந்தால் சுவாரசியம். பத்து வகை ஸ்கேல் இருந்தால் அது தச்சன் வீட்டுப் பரண். கோடு யார் பக்கம் விழுந்தாலும் கோடு ஒரே பேச்சுதான் பேச வேண்டும், ஐயா."

கோரினுக்கு அந்தக் கடைசி வாக்கியம் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. அன்று முழுதும் அதை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தான். எரிச்சலாக இருந்தாலும் நன்றாக இருந்தது.

சனிக்கிழமை காலை தெற்கிலிருந்து காற்று கத்தியாக வீசியது. நைரியின் முழங்காலில் போன குளிர்காலத்தில்தான் அறுவை நடந்திருந்ததால் அவளைத் திடலுக்குக் கொண்டுபோய் விட்டு, ஆட்டம் முடியும்வரை காத்திருப்பது கோரினின் வேலை. கையில் இறைச்சி அடைத்த சூடான பலகாரத்தோடு கயிற்றுக்கு வெளியே நின்று குளிரில் குதித்துக்கொண்டிருந்தான்.

உள்ளே தகராறு. நீலச்சட்டை அணியின் பயிற்சியாளர், தலையில் கம்பளித் தொப்பி போட்ட வாட்டசாட்டமான பெண், நைரியின் முகத்துக்கு நேராக விரலை ஆட்டினாள். "அங்க அவங்க பிள்ளை கோட்டை மிதிச்சப்ப நீ ஊதல. எங்க பிள்ளை கட்டைவிரல் நுனி பட்டதுக்கு ஊதற!"

நைரி விசிலை வாயிலிருந்து எடுத்தாள். குரலை உயர்த்தவே இல்லை. "அங்க மிதிக்கல, பக்கத்துல வெச்சா. இங்க மிதிச்சா. கோடு யார் பக்கம் விழுந்தாலும் கோடு ஒரே பேச்சுதான் பேசும், ஷோனா. போய் நில்லு."

பலகாரத்திலிருந்து ஒரு கட்டி சாஸ் கோரினின் காலணியில் விழுந்தது. அவன் குனியவில்லை.

முதலில், உலகத்தில் எல்லோரும் இப்படிப் பேசுவார்கள் போல என்று நினைத்தான். பிறகு மார்மைட் ரொட்டி புரையேறியது நினைவுக்கு வந்தது. முழங்கால் அறுவைக்குப் பிறகு அவள் சோபாவில் கிடந்த வாரங்களில், 'சமையல் குறிப்பு பாக்கணும்' என்று அவனுடைய பழைய மடிக்கணினியை வாங்கிக்கொண்டதும், அதற்குப் பின் வீட்டில் புதிதாக ஒரு சமையலும் நடக்காததும் நினைவுக்கு வந்தன. ஈரக்காலுறை எப்போதும் வேலைநாள் மதியங்களில் எழுதுவதும், பள்ளிக்கூட விடுமுறையில் வாய் திறக்காததும் வரிசையாக வந்து நின்றன. ஆஸ்திரேலியாக்காரன் அவன் கண்ணெதிரே, திடலின் நடுவில், ஆரஞ்சு அங்கி போட்டுக்கொண்டு விசில் ஊதினான்.

வண்டியில் திரும்பும்போது கோரின் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். அவனுக்குள் ஒரு குறும்பு குதித்தது.

அடுத்த வாரம் கீழ்ச்சுரங்கத்தில் ஒரு புதுப் பேய் வந்தது. ஆரஞ்சு அங்கி, கழுத்தில் விசில், லேசாக நொண்டும் நடை. பெயர் நடுவர் பேய். யாராவது கோட்டை மிதித்துவிட்டால் விசிலை ஊதும்; கேட்டவர்கள் ஒரு நகர்வுக்கு அசையாமல் நிற்க வேண்டும். படம் வரையும்போதே டெவிட்டா, "இது யாரையோ பாத்த மாதிரி இருக்கே மச்சான்," என்றான். கோரின், "கற்பனைதான்," என்றான். டெவிட்டா அதற்குமேல் கேட்கவில்லை. ஆனால் நொண்டி நடையைச் சேர்த்தது அவன்தான்.

விசில் சத்தம் வட்டமாகப் பரவினால்தான் அழகு என்று கோரினுக்குப் பட்டது. கட்டங்களுக்குள் வட்டம் வரைவது லேசில்லை. ஒரு முழு சாயங்காலம் உட்கார்ந்து வரைந்தான். அதாவது, வடிவங்கள் ஒத்துவரவில்லை என்று குற்றம் சொன்ன ஆளைக் கேலி செய்யப் போய், யாரோடும் ஒத்துப்போகாத இன்னொரு வடிவத்தையும் சுரங்கத்துக்குள் விட்டான். அது அப்போது அவனுக்கு உறைக்கவில்லை.

ஈரக்காலுறை எழுதியது: "புதுப் பேயைப் பார்த்தேன். நல்ல பேய். அதற்கு மட்டும் வட்டம் கிடைத்திருக்கிறது, வாழ்த்துகள். மூக்குதான் சரியாக வரவில்லை. நேரில் பார்த்தவர்கள் இன்னும் கவனித்து வரைந்திருக்கலாம்."

அன்று இரவுச் சாப்பாட்டில் இருவரும் பட்டாணியைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டார்கள். பட்டாணியைப் பற்றிப் பேச அவ்வளவு இருக்கிறதா என்று யாராவது பார்த்திருந்தால் வியந்திருப்பார்கள்.

இந்த ஆட்டம் இன்னும் எத்தனை நாள் ஓடியிருக்குமோ தெரியாது. ஒரு ஞாயிறு மதியம் நைரியே அதை முடித்தாள். மழை ஜன்னலில் சாய்ந்து அடித்தது. கோரின் நாற்காலியில் கால் நீட்டிக் கிடந்தான். அவள் பழைய மடிக்கணினியை அணைத்துப் பிடித்துக்கொண்டு வந்து அவன் காலடியில் தரையில் உட்கார்ந்தாள்.

"என்னைப் பேயாக்கினதுக்குத் தண்டனை அப்புறம். இப்போ ஒரு கேள்வி. சீரியஸா."

அவள் முகத்தைப் பார்த்ததும் கோரின் கிண்டலை விழுங்கிவிட்டான். திரையைப் பார்த்தான். எழுந்து உட்கார்ந்தான்.

கடைசித் தளம். அவன் எழுதி, தானே பார்த்து வெகுகாலமான தளம். விளையாடுகிறவர்களில் அங்கே வந்து சேர்ந்தவர்கள் மிகச் சிலர். நைரியின் ஆள் இடிபாட்டுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தான், உயிர் ஓர் இழைதான் பாக்கி. மேல் மூலையில் விலாங்கு ராணி வாயைத் திறந்துகொண்டிருந்தாள். அடுத்த நகர்வில் ஊதுவாள்.

"இங்க வரைக்கும் வந்துட்டியா!" என்றான். குரலில் வந்த பெருமையை மறைக்க அவனுக்கு நேரமில்லை.

"வந்துட்டேன். எத்தனையோ தடவை செத்து வந்திருக்கேன். இப்போ சொல்லு. இடது பக்கம் ஒரு கட்டம் காலியா இருக்கு, கீழ ஒண்ணு காலியா இருக்கு. அவ மூலைவாக்குல ஊதப் போறா. எது தப்பும்?"

"மூலைவாக்குல ஊதினா ஒல்லியா வரும். அதனால இடது..." என்று ஆரம்பித்தான். நிறுத்தினான். "இல்ல, கீழ." மறுபடி நிறுத்தினான். "இரு, ப்ரோக்ராமைத் திறந்து பாக்கறேன்."

தன் கணினியில் விலாங்கின் மூச்சை எழுதிய பகுதியைத் திறந்தான். அதைப் பார்க்கப் பார்க்க அவன் காது சிவந்தது. மூச்சு பாதிக் கட்டத்தில் முடிகிற இடங்களில், வடகிழக்காக ஊதினால் அந்தக் கட்டத்தையும் சேர்த்துக்கொண்டது. தென்மேற்காக ஊதினால் சில இடங்களில் சேர்த்தது, சில இடங்களில் விட்டது. வேண்டுமென்று எழுதியதல்ல. கணக்கை முழு எண்ணாக்கும்போது அது எந்தப் பக்கம் சாய்கிறது என்று அவன் என்றைக்கும் கவனித்ததே இல்லை. ராணிக்கு மூடு எதுவும் இருக்கவில்லை. அவனுக்குத்தான் கவனம் இருக்கவில்லை.

"என்ன?" என்றாள் நைரி.

"எனக்கே தெரியலை."

கோரின் விசைப்பலகையை இழுத்துக்கொண்டான்.

"ஓட்டிப் பாத்தா தெரிஞ்சிடும்," என்றான் அவசரமாக. "இரு, இதே மாதிரி ஒரு தளம் வெச்சு ஊதவிட்டுப் பாத்துச் சொல்லிடறேன். ஒரு நிமிஷம்."

"வேணாம்."

"ஏன்?"

"நடுவர் பாதி ஆட்டத்துல வீட்டுக்குப் போய் ரூல் புக்கைத் திருப்பிப் பாத்துட்டு வந்து ஊதற மாதிரி இருக்கும். மத்தவங்க யாருக்காவது நீ பக்கத்துல உட்கார்ந்து சொல்வியா? விடு."

இடது பக்கம் நகர்ந்தாள். ராணி ஊதினாள். நீராவி ஒல்லியாகத்தான் வந்தது. வந்து, ஒரே ஒரு கட்டம் மட்டும் அசிங்கமாகப் பிதுங்கி, அவள் ஆள் நின்ற இடத்தில் வழிந்தது. விளக்கு அணைந்தது. சுரங்கம் கறுத்தது.

நைரி மடிக்கணினியை மெல்ல மூடினாள். அவள் மூக்கை உறிஞ்சினாள்.

"நைரி."

"சளி."

"சரி, சளி." அவனும் தரையில் இறங்கி அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். "ஏன் என்கிட்டயே சொல்லல? ஊர்பேர் தெரியாத ஆள் மாதிரி எழுதணுமா?"

அவள் திரும்பிப் பார்த்தாள். கோபம் இல்லை, அதற்குப் பதிலாகக் கொஞ்சம் வேடிக்கை பார்க்கிற பார்வை. "சொன்னேனே. முதல் தடவை நீ நெருப்பு எழுதினப்பவே, உன் தோளுக்குப் பின்னாடி நின்னு, 'ஏன் சதுரமா எரியுது?'ன்னு கேட்டேன். 'உனக்கு அதெல்லாம் புரியாது'ன்ன. போன மாசம் மறுபடி அதையே சொன்ன. நான் சொன்னா 'ம்' போடுவ. ஈரக்காலுறை சொன்னா ஒன்றரைப் பக்கம் பதில் எழுதற. எனக்கு யாரும் அவ்வளவு நீளமா எழுதினதே இல்ல, கோரின். நம்ம கல்யாணத்துக்கு முன்னாடி நீகூட."

கோரினுக்குச் சிரிப்பும் வெட்கமும் ஒன்றாக வந்தன. எது முதலில் வெளியே வருகிறதோ வரட்டும் என்று விட்டான். சிரிப்புதான் வந்தது. ஆனால் அது முடிந்த பிறகு வெட்கம் போகாமல் உட்கார்ந்திருந்தது.

"எப்படி நடத்தணும்னு சொல்லு," என்றான். "எழுதறது நான். தீர்ப்பு உன்னோடது."

அடுத்த ஞாயிறு டெவிட்டா சபை முடிந்து வேட்டி மாதிரி கட்டும் துப்பேனுவோடும் அதன்மேல் இடுப்பில் சுற்றிய பின்னல் பாயோடும் நேராக வந்து சேர்ந்தான். சமையலறைத் தரையில் கட்டம் கட்டமாகப் பழைய ஓடுகள். நைரி நடுவில் ஓர் ஓட்டின்மேல் நின்றாள். கையில் விசில்.

"நான்தான் நெருப்பு," என்றாள். "டெவிட்டா, நீ ஓடற ஆளு. என்கிட்டேருந்து ரெண்டு எட்டு தள்ளிப் போ."

டெவிட்டா மூலைவாக்கில் இரண்டு ஓடு தாண்டிப்போய் நின்றான். அவன் பாதத்துக்கு ஓர் ஓடு போதவில்லை.

"ரெண்டு எட்டுல போயிட்டான், பாத்தியா? அப்போ நானும் ரெண்டு எட்டுல அவனைப் பிடிக்கலாம். கால் எப்படி நடக்குதோ நெருப்பும் பனியும் அப்படித்தான் நடக்கணும். ஒரு தரையில ஒரு நடைதான்."

கோரின் மனதுக்குள் வரைந்து பார்த்தான். முகம் மலர்ந்தது. "அப்போ என் நெருப்பு சரி! சதுரம்தான் சரி! முதல்லேருந்தே நான்..."

"ஆறு வருஷத்துல ஒண்ணு சரியா வந்திருக்கு. கொண்டாடிக்கோ."

"அதுவும் தெரியாம வந்தது," என்றான் டெவிட்டா.

"டேய், நீ யார் பக்கம்?"

"சீஸ் ரோல் பண்றவங்க பக்கம்."

பனியும் சதுரமாகியது. நடுவர் பேயின் விசிலும் வட்டத்தை விட்டுச் சதுரத்துக்கு வந்தது. வெடிமருந்துக்குக் கூட்டல் குறியை விட்டுவைக்கலாம் என்று நைரி தீர்ப்புச் சொன்னாள். நாலு கூர் நட்சத்திரத்தைப் பார்க்கிற எவருக்கும் அது எங்கே குத்தும் என்று தெரியும், அது ஏமாற்றவில்லை என்றாள். டெவிட்டா அதற்காக இடுப்பு வளையக் கும்பிட்டான். விலாங்கு ராணி எந்தத் திசையில் ஊதினாலும் ஒரே அகலத்தில் ஊத வேண்டும் என்று முடிவானது. கோரினைக் கடுமையாக வேலை வாங்கியது அதுதான். எல்லாவற்றுக்கும் மேல், எந்த அடியும் விழுவதற்கு முன்னால், விழப்போகிற கட்டங்கள் மங்கலாக ஒளிர வேண்டும். தெரிந்துகொண்டே அதன்மேல் நின்று செத்தால் அது அவரவர் பாடு.

குளிர்காலம் முடிகிற நேரத்தில் புதுக் கீழ்ச்சுரங்கம் வெளியானது. பாராட்டு வரும் என்று கோரின் தேநீரோடு உட்கார்ந்தான். வந்தது வசவு. பனியின் மூலையில் ஒளிந்து ஒளிந்தே பிழைத்த பழைய ஆட்டக்காரர்கள் கொதித்துப் போயிருந்தார்கள். ஒருவர், பனியின் ஆன்மாவையே கொன்றுவிட்டீர்கள் என்று எழுதியிருந்தார். இன்னொருவர், ஈரக்காலுறை மாதிரி சட்டம் பேசுகிறவர்களுக்குப் பயந்து விளையாட்டைக் கெடுத்துவிட்டார்கள் என்றார்.

அன்று சாயங்காலம் நைரி சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்து தட்டித் தட்டி எழுதினாள். பனியின் ஆன்மாவுக்கு மட்டும் மூன்று பத்தி. கோரின் எட்டிப் பார்த்தான்.

"அவங்களுக்கு மட்டும் இவ்வளவு பொறுமையா எழுதற."

"வரிசையில நில்லு. உனக்கும் எழுதறேன்."

மெல்ல மெல்ல வசவு அடங்கியது. சிலர் போனார்கள், பலர் தங்கினார்கள். ஒளிர்கிற கட்டங்களைப் பார்த்து நகர்கிறவர்கள் முன்னைவிட ஆழமாக இறங்கினார்கள். இறங்கிச் செத்தபோது தங்களைத்தான் திட்டிக்கொண்டார்கள். கோரினுக்கு அது புதிதாக இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது.

வசந்தம் வந்து, தெருவோரமெல்லாம் கோவாய் மரங்கள் மஞ்சளாகப் பூத்த ஒரு மதியம் கோரின் சூப்பர் மார்க்கெட்டில் பட்டாணிப் பொட்டலங்களுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தபோது கைப்பேசி அடித்தது.

"செத்துட்டா," என்றாள் நைரி.

அவன் கைப்பேசியைக் காதோடு அழுத்தினான். "யாரு?"

"விலாங்கு ராணி!"

கோரின் போட்ட கூச்சலில் ஒரு பெரியவர் கையிலிருந்த பொட்டலத்தைக் கூடையில் போடாமல் தரையில் போட்டார். கோரின் அதை எடுத்துக் கொடுத்து, "என் பொண்டாட்டி ஜெயிச்சுட்டா," என்று விளக்கம் சொன்னான். பெரியவர் எதில் என்று கேட்காமலே கை குலுக்கினார்.

"எங்க இருக்க? யாருகிட்டயாவது சொன்னியா?"

"பல் வண்டியில. ஒரு பொண்ணுக்கு மரப்பு ஊசி போட்டிருந்தேன், வாய் மரக்கற வரைக்கும்தான் விளையாடினேன். அவகிட்ட சொன்னேன். 'ஃபூஃபர்'னு சொன்னா, பாவம்." அவள் மூச்சு விடாமல் சிரித்தாள். "கோரின், அவ மூலைவாக்குல ஊதினா. கட்டமெல்லாம் மினுங்குச்சு. நான் ஒண்ணே ஒண்ணு நகர்ந்தேன். மயிரிழையில போச்சு. நியாயமாப் போச்சு!"

பட்டாணிக்கு முன்னால் நின்றபடி கோரின் கண்ணை மூடிக்கொண்டான். அந்தத் தளத்தையும், அவள் ஆள் நகர்ந்ததையும், பக்கத்துக் கட்டத்தில் நீராவி வந்து நின்றதையும் அப்படியே பார்த்தான். இத்தனை காலம் எழுதியதில் இவ்வளவு சந்தோஷமாக எதையும் பார்த்த நினைவு இல்லை.

"அப்புறம் இன்னொண்ணு," என்றாள் நைரி, குரலைத் தாழ்த்தி.

"சொல்லு, சொல்லு."

"ஜெயிச்சப்புறம் ஒரு பக்கம் வருது பாரு, மாலையெல்லாம் போட்டு. அதுல 'வெற்றி'ங்கற இடத்துல ஒரு எழுத்தைக் காணோம். அங்க வந்து சேர்ந்தவங்க யாரும் சந்தோஷ அழுகையில அதைப் படிக்கலபோல. நான் படிச்சேன்."

"சாயங்காலம் மாத்திடறேன்."

"ஒன்றரைப் பக்கம் பதில் எழுத மாட்டியா?"

"மாட்டேன். நீ சீக்கிரம் வீட்டுக்கு வா," என்றான் கோரின்.